ரீட்டா டீச்சரின் சைலன்சர்

போன வாரம் பட்டினப்பாக்கம் சிக்னலுக்குச் சற்று முன்னால் இளநீர் குடித்து முடித்து, வழுக்கையைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கார். வந்ததே தெரியவில்லை. பூனை வந்தால்கூடச் சருகு ஒன்று நொறுங்கும். இது அதுவும் இல்லாமல், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாக வந்து நின்றிருந்தது. திடுக்கிட்டதில் இளநீர்க் கூடு காலில் விழுந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். கண்ணாடி இறங்கியது. உள்ளே நரைத்த தலையோடு ரீட்டா.

"காது போயிடுச்சாடா உனக்கு?"

"என் காது நல்லாத்தான் இருக்கு. உன் வண்டிக்குத்தான் வாய் போயிடுச்சு."

பேட்டரி கார். வாங்கி ஒரு மாதமாம். ஏறு என்றாள், ஏறினேன். எதிரே ஒரு கிழட்டு பைக் இருமிக்கொண்டே கிளம்பியது. பாதி எரிந்த பெட்ரோல் வாசனையும் மீன் வாசனையும் ஒன்றாக ஜன்னல் வழியே நுழைந்தன. அவ்வளவுதான். எனக்கு இருபத்து நாலு வயதாகிவிட்டது.

அப்போது நான் தி.நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் படம் வரைகிறவன். ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஏ.சி. காற்று போகிற குழாய்களை வரைவது வேலை. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டேன், கூரையைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட ஆசாமி. எங்கள் அலுவலகத்துக்கு வெல்டிங் செய்துதந்த செல்வத்துக்கும் என் வயதுதான். பட்டினப்பாக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை வைத்திருந்தான். விசைப்படகு எஞ்சின்களுக்கு வைத்தியம், ஸ்கூட்டருக்கு சைலன்சர், மாதா கோயில் தேருக்கு இரும்புச் சட்டம், எது வந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். அங்கேதான் ரீட்டா தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ரீட்டா சாந்தோமில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஆறு தலைமுறையாக அதே தெரு, அதே கோயில், அதே பெஞ்சு. அந்த வீட்டில் கார் பந்தயப் பைத்தியம் எப்படி நுழைந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பார்வைக்குப் பரம சாதுவான பழைய கார். மூடியைத் திறந்தால் வேறு பிராணி. இரண்டு கார்ப்பரேட்டர், கடைந்து எடுத்த எஞ்சின், தொட்டால் சீறும். சீறியதுதான் வினையாயிற்று. முந்தைய மாதப் பந்தயத்தில், தடத்துக்குள் விடுவதற்கு முன்பு சத்தத்தை அளக்கும் மீட்டர்காரர் இவள் வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த முறையும் திருப்பி அனுப்பினால் வண்டியை விற்றுவிட வேண்டும். அடுத்த முறை என்பது பன்னிரண்டு நாளில் வரும் ஞாயிற்றுக்கிழமை.

ஆகவே புதுப் புகைக்குழாய். அதை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி.

ரீட்டா பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று நிறச் சாக்பீஸ் கொண்டுவந்திருந்தாள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அதன் அடியில் சிமென்ட் தரையில் மூவரும் முட்டி போட்டு வரைந்தோம். எஞ்சினில் நாலு ஓட்டை, நாலு குழாய். நாலும் ஒரே இடத்தில் சேரலாம். அல்லது இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாகலாம். முதல் வகையில் பலம் எல்லாம் உச்சத்தில் வரும். இரண்டாவதில் நடுவேகத்திலேயே இழுவை கிடைக்கும்.

"நாலையும் ஒண்ணா சேர்த்துரு மச்சி," என்றான் செல்வம். "மேல போவச்சொல்லோ அது கத்தும் பாரு, அது கெத்து."

"கெத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் ரீட்டா. "அந்தத் தடத்துல நேர் ரோடு கொஞ்சம்தான். வளைவுலேர்ந்து வெளிய வரும்போதே இழுக்கணும். ரெண்டு ரெண்டாவே சேரு."

கணக்கு டீச்சரிடம் யார் வாதாடுவது? இரண்டிரண்டு.

அடுத்தது, புகை எங்கே வெளியேறுவது? பின்பக்கம்வரை கொண்டுபோனால் குழாய் நீளம், எடை அதிகம், சென்னையின் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசும். நான் பச்சைச் சாக்பீஸால் ஒரு குட்டைக் கோடு போட்டேன். பக்கவாட்டில், பின்சக்கரத்துக்கு முன்னாலேயே வெளியே விட்டுவிடலாம். ஓட்டுகிறவள் வலப்பக்கம் உட்காருகிறாள். சூடு அவளுக்கு வேண்டாம். ஆகவே இடப்பக்கம். நடுவில் ஒரு தடித்த சைலன்சர் டப்பா, சத்தத்துக்கு அது போதும் என்றேன். அன்றிரவு அதை அளவோடு தாளில் வரைந்து கீழே கையெழுத்தும் போட்டேன். தாளில் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது.

குழாயை வளைத்த கதையைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. குழாயைச் சூடேற்றி வளைக்கும்போது அது நசுங்காமல் இருக்க, உள்ளே மணல் அடைப்பார்கள். மணலுக்கு எங்களுக்கு என்ன பஞ்சம், எதிரே வங்காள விரிகுடா. ஆனால் ஈர மணல் உள்ளே இருந்தால் ஆவி கிளம்பி, அடைப்பு வெடித்துப் பறக்கும். செல்வம் நேராகக் கடற்கரைக்குப் போய், வேர்க்கடலை வறுக்கிறவரிடம் வாணலியை இரவல் வாங்கிவந்தான். மணலை வறுத்தோம். பக்குவம் பார்க்க அவன் ஒரு பிடி கடலையை உள்ளே போட்டான். கடலை பொரிந்தால் மணல் தயார். பந்தயக் காரின் நாலு குழாயும் கடலை வாசனையோடு வளைந்தன. ரீட்டா வறுகடலை தின்றுகொண்டே நீளத்தை அளந்தாள். நாலும் ஒரே அளவு. உலகத்தில் எங்களைவிடப் புத்திசாலிகள் கிடையாது என்ற முகத்தோடு திரிந்தோம்.

புதன்கிழமை மாலை வேலை முடிந்தது. செல்வத்தின் அம்மா தனம், சாலையோரம் மீன் விற்கிறவர். மகன் கைபட்ட எந்த எஞ்சினும் அவர் கற்பூரம் சுற்றிய பிறகுதான் கொட்டகையை விட்டுப் போகும். அது படகானாலும் சரி, கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும் காரானாலும் சரி. ரீட்டா வண்டியைக் கொண்டுபோய் அவர் கடையை ஒட்டி நிறுத்தினாள். பலகையில் சிவப்புச் சங்கராவும் கருப்பு வவ்வாலும் மினுங்கின. அம்மா தட்டில் கற்பூரத்தை ஏற்றி மூன்று சுற்று சுற்றினார்.

"எங்க, ஒருதபா அழுத்து டீச்சரம்மா. சத்தத்த கேக்கறேன்."

டீச்சரம்மா அழுத்தினாள்.

கற்பூரம் அணைந்தது. தட்டு பறந்தது. புதுக் குழாயின் எண்ணெயும் கரியும் சேர்ந்து ஒரு கருப்புத் தும்மலாகப் பலகைமேல் இறங்கியது. சங்கரா மீன்கள் எல்லாம் வவ்வால் நிறமாகிவிட்டன. பக்கத்துக் கடைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"அடப் பாவிங்களா!" என்றார் அம்மா, முகத்துக் கரியை முந்தானையால் துடைத்தபடி. "ஜனங்க குந்திகினு கீற பக்கமாவாடா ஓட்டைய வெப்பீங்க? யார்ரா இத்த படம் போட்டவன்?"

என் உயிர் நண்பன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "தோ, அந்தாண்ட நின்னுகினு கீறாரே, அவருதான்."

"இன்னா நைனா, மீனை எண்ணெயில பொரிப்பாங்க. நீ பொகையிலயே பொரிச்சிட்டியே! ரோட்டுல எடது பக்கம் யாரு குந்திகினு கீறாங்கோன்னு ஒருநாளாச்சும் பாத்துக்கீறியா?"

பார்த்ததில்லை. தாளில் இடப்பக்கத்தில் வெறும் ஓரம்தான் இருந்தது. அங்கே மனிதர்கள் உட்காரலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள், ரீட்டாவைத் தவிர. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெல்லச் சொன்னாள். "மீட்டர்காரரும் குழாய்க்குப் பக்கத்துலதானே நிப்பாரு? முடிஞ்சுதுடா. வண்டி போச்சு."

அம்மா கரி மீன்களைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஞாயித்துக்கெயமைக்கி இன்னும் எத்தினி நாளு?"

"நாலு."

"நாலு நாளுல கடலுக்கே போயிட்டு வந்துர்லாம். குந்திகினு அழுதுகினு கீறியே! எய்ந்திரு."

எழுந்தோம். குழாய் பின்பக்கம்வரை போயிற்று, ஒன்றுக்கு இரண்டு டப்பாக்களோடு, வேகத்தடை உரசாதபடி ஏற்றிக் கட்டி. கூடிய எடைக்கு ஈடாக எதையாவது கழற்ற வேண்டும். மிச்சம் இருந்தது பின்சீட்டு மட்டும். அதில்தான் ரீட்டாவின் அப்பாவும் அம்மாவும் ஞாயிறு பூசைக்குப் போவார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"கோயில் நாலு தெரு தள்ளித்தானே இருக்கு? நடந்தா எனக்கும் சர்க்கரை குறையும். கழட்டிக்கோ."

விற்கச் சொன்ன அதே மனிதர்! கழற்றிய சீட்டை அபராதமாகத் தனம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்று முதல் பட்டினப்பாக்கத்திலேயே மெத்தென்று உட்கார்ந்து மீன் விற்றவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பூந்தமல்லி தாண்டி, பந்தயத் தடத்தின் வாசல். மீட்டர்காரர் குனிந்தார். ரீட்டா அழுத்தினாள். வண்டி கத்தவில்லை. கனமான தொண்டையில் ஒரு நீண்ட கமகம் பாடியது. அவர் முள்ளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கட்டைவிரலால் 'போ' என்று காட்டினார். நானும் செல்வமும் அவரைக் கட்டிப்பிடித்ததில் அவர் தொப்பி விழுந்துவிட்டது. பந்தயத்தில் ரீட்டா ஏழாவதாக வந்தாள். வளைவுகளிலிருந்து அவள் எழும்பிய அழகை இப்போதும் நான் கண்ணை மூடினால் பார்க்கலாம். அந்த வண்டியை அதன்பிறகு ஒன்பது வருஷம் ஓட்டினாள்.

ஒன்பது வருஷமும் ஒரு வழக்கம் இருந்தது. சாந்தோம் திருப்பத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் தனம்மா சீட்டிலிருந்து சாய்ந்து, நல்ல சங்கராவாக ஒன்றை எடுத்துத் தனியே வைப்பார். "டீச்சரம்மா வந்துகினு கீறாங்கோ," என்பார். ரீட்டா வந்து சேரும்போது மீன் செதில் நீக்கித் தயாராக இருக்கும்.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு. செல்வம் மஸ்கட்டில் பேரனோடு இருக்கிறான். தனம்மா போய்ச்சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. பின்சீட்டு எங்கே போனதோ. சாலையோரக் கடைகள் கூரை போட்ட சந்தைக்குள் போய்விட்டன.

ரீட்டா சந்தை வாசலை ஒட்டி வண்டியை மெதுவாக விட்டாள். யாரும் நிமிரவில்லை.

"டேய், சத்தம் போடுடா," என்றாள்.

"நானா?"

"நீதானே படம் போட்டவன். போடு."

இடப்பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஐம்பத்து மூன்று வயதுத் தொண்டையால் 'ட்ரூம்ம்ம்' என்றேன். ரீட்டா ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் கத்தியோடு நிமிர்ந்து, "இன்னா சார், வயித்து வலியா?" என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். நாங்கள் மூவரும் நன்றாகவே சிரித்தோம்.

பிறகு அவள் குனிந்து மீனை வெட்டத் தொடங்கினாள். எதையும் எடுத்துத் தனியே வைக்கவில்லை.