பித்தளைத் தூக்கில் புளியோதரை

கொல்லிமலையில் மூன்று நாள் நடைக்கு மூட்டை கட்டியவர் என் மைத்துனர். மண் கலயம் கௌரவக் குறைச்சலாம்! ஈயம் பூசாத பித்தளைத் தூக்கில் புளியோதரையை அடைத்துவிட்டார்.

மறுநாள் ஆலத்தூர் நாடு என்னும் மலையூரின் ஓடைக்கரையில் திறந்தோம். புளி பித்தளையைத் தின்று, சோற்றில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“ஓரத்தைத் தள்ளிவிட்டுச் சாப்பிடலாம்” என்று மைத்துனர் ஒரு கவளத்தை வாயருகே கொண்டுபோனார். வழிகாட்ட வந்த மலைக்காரர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

“ஏனுங்க, அது வெசமுங்க! எங்க ஊட்டுல களி இருக்குது, வாங்க.”

அந்த நாற்றம் மூக்கிலேயே நின்றதால் எனக்குக் களியும் இறங்கவில்லை.

இப்போதெல்லாம் மூட்டையை நானே கட்டுகிறேன். சோறு மண் கலயத்தில்தான். அந்தத் தூக்கில் சாணி கரைக்கிறோம். மைத்துனர் வரும் நாளில் அதை வாசலிலேயே வைத்துவிடுவேன்.