நாலு எஞ்சினையும் நிறுத்தச் சொன்னவள்

அந்த மதியம் சீட் கவர் அக்கா ஒரு வேனின் முன் இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். ரெக்சின் முரட்டு ரகம், ஊசி ஒடிந்துவிட்டது. புது ஊசியைத் திருகிக்கொண்டே நிமிர்ந்தபோது, விமான நிலையப் பக்கமிருந்து சைக்கிளும் ஸ்கூட்டரும் காய்கறி வண்டியுமாகத் தெருவே திரும்பி வருவதைப் பார்த்தாள். ஆட்டோக்காரர் ஒருவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“என்னண்ணே, ஊரே இந்தப் பக்கம் வருது?”

“ரோட்ட மூடிட்டாங்கம்மா. ஏர்போர்ட் வேலிக்கிட்ட பாம் கிடக்காம்.”

“பாமா?”

“சாதாரண பாம் இல்ல, ரோமம் முளைச்ச பாம். பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடக்காம். வாலுக்குப் பதிலா ஒயர் நீட்டிக்கிட்டு இருக்காம். இப்பல்லாம் என்னென்ன தினுசுல செய்றானுங்க பாரு.”

அக்காவின் கை திருகாணியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பூனைக்குட்டியைத் தைத்தவள் அவள்தான்.

சாம்பல் நிற ரோமம். பழைய துணிக் கடையில் வாங்கிய ஒரு கோட்டின் காலர். உள்ளே பிஸ்கட் டப்பா ஒன்று கச்சிதமாக உட்காரும்படி அளவெடுத்து, இரட்டைத் தையல் போட்டு, ஜிப் வைத்து, பிடித்து இழுக்கத் தோதாக ஜிப்பின் நுனியில் சிவப்பு நூலில் குஞ்சமும் கட்டியிருந்தாள். எந்த வேலையையும் அரைகுறையாக விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. டப்பாவுக்குள் சத்தம் பதிவு செய்யும் சின்ன மெஷின், அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு பவர் பேங்க், வெளியே எட்டிப் பார்க்கும் மைக். காற்று மைக்கில் மோதி இரையாமல் இருக்கத்தான் ரோமம். உள்ளே இருப்பதையெல்லாம் கறுப்பு டேப்பால் வரிந்து கட்டியவன் அவளுடைய தம்பி.

தம்பியைத் தெருவில் எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். மரம் அறுக்கும் மில்லில் வேலை. படிப்பு அவனுக்கு ஏறவில்லை; ஆனால் கண்ணை மூடிக்கொண்டே தெருவில் எந்த வீட்டு மோட்டாருக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்லிவிடுவான். நாள் முழுக்க ரம்பத்தின் அலறலில் நிற்பவன், வேலை விட்டதும் வீட்டுக்கு வந்து காலை நீட்டமாட்டான். ஓடுபாதையின் கடைசி முனையில், வேலிக்கு வெளியே போய் நிற்பான். அவனைப் போல விமானப் பைத்தியங்கள் இன்னும் சில பேர் அங்கே வருவதுண்டு. அவர்களெல்லாம் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டிருப்பார்கள். இவன் ஒருவன்தான் சத்தத்தைப் பிடிக்க வருகிறவன்.

புது விமானங்களை அவன் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. “அது என்னக்கா சத்தம்? டேபிள் ஃபேன் ஓடுற மாதிரி” என்பான். அவன் உயிரை விடுவது சோவியத் காலத்துச் சரக்கு விமானத்துக்கு. அன்டோனோவ். நாலு விசிறி, கரியைக் கக்கும் நாலு எஞ்சின், மூக்கில் ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு, பின்னால் லாரியே ஏறிவிடுகிற கதவு. எப்போதாவது ஒருமுறை பெரிய இயந்திரம் எதையாவது ஏற்றிப் போக வரும். அது கிளம்பும்போது அக்காவின் கடை மேசையில் கத்தரிக்கோல் தானாக நகரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு, அதை ஓட்டுகிறவனையும் திட்டுவார்கள், செய்தவனையும் திட்டுவார்கள். தம்பி மட்டும் கண்ணை மூடி நிற்பான்.

“நாலு எஞ்சினும் ஒரே சுருதியில ஓடாதுக்கா. ஒண்ணோட ஒண்ணு உரசும். அந்த உரசல் நேரா நெஞ்சுக்குள்ள வந்து உக்காரும் பாரு, அதுக்கு ஈடே இல்ல.”

அவளுக்கு அது விளங்கியதே இல்லை. ஆனால் அவன் பிடித்து அனுப்பிய சத்தங்களைக் கடல் தாண்டி இருக்கிறவர்கள்கூட ஹெட்போன் மாட்டிக் கேட்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, அதைச் சொல்லாமல் ஒரு வாடிக்கையாளர் கையிலும் அவள் உறையைக் கொடுத்ததில்லை.

வழக்கமாக டப்பாவைப் புதரில் வைத்தால் பக்கத்திலேயே காவல் இருப்பான். இன்று அன்டோனோவ் கிளம்புகிற நேரம் வேலை நேரத்தில் வந்து விழுந்தது, மேஸ்திரி விடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிளில் பறந்து வந்து, மெஷினை ஓடவிட்டு, டப்பாவை வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான். போகிற வழியில் கடைக்குள் தலையை நீட்டி அக்காவிடம் சொல்லவும் சொன்னான்.

“யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?” என்று கேட்டாள்.

“யாருக்கா தூக்குவா? செத்த எலி மாதிரி கிடக்கு. ஒருத்தன் கிட்ட வரமாட்டான்.”

டேப் சுற்றிய ஒரு டப்பா, ஒயரோடு, விமான நிலைய வேலியில் தனியாகக் கிடந்தால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும் என்று அவனுக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேருக்கும் இருந்த ஒரே கவலை காற்று.

அக்கா தம்பியின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மில்லில் போனைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். மேஸ்திரிக்கு அடித்தாள்.

“காதா? அவன் அப்பவே கிளம்பிட்டாம்மா. கையக் கால பிடிச்சு, பாதியிலேயே ஓடிட்டான். கேட்டா பிளேனு லேட்டாம், இன்னும் கிளம்பலையாம், சத்தம் இங்க வரைக்கும் கேக்குதாம். எனக்கு ரம்பத்தத் தவிர ஒண்ணும் கேக்கல.”

அவள் போனை வைக்கக்கூட இல்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினாள். அவன் ரோட்டு வழியாக வரமாட்டான். கழிவுநீர்க் கால்வாய்க் கரையில் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. மில்லிலிருந்து அதுதான் குறுக்கு வழி. அது புல்லுக்குள் புகுந்து நேராகப் புதரில் கொண்டுவந்து விடும்.

விமான நிலைய வேலிக்குப் போகும் ரோட்டு முனையில் கயிறு கட்டியிருந்தார்கள். போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். அன்டோனோவ் வேலியை ஒட்டிய இந்த முனையிலேயே நின்றுகொண்டிருந்தது, நாலு விசிறியும் சுழன்றபடி. கிளம்பப் போகிற நேரத்தில்தான் யாரோ டப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியே நில் என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் தீயணைப்பு வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துப் பேச வேண்டியிருந்தது.

“அது பாம் இல்ல சார்!” என்று அவள் கத்தினாள். “என் தம்பியோடது!”

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. போலீஸ்காரர் அவள் முழங்கையைப் பிடித்து, ஜீப்புக்குப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனார்.

இன்ஸ்பெக்டர் நரைத்த மீசைக்காரர். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

“நீங்க தைச்சதுன்னு எப்படி நம்புறது?”

“ஜிப் நுனியில சிவப்பு நூல் குஞ்சம் இருக்கும் சார். நானே கட்டினது.”

அவர் தூரக்கண்ணாடியை எடுத்துப் புதரை நெடுநேரம் பார்த்தார். பிறகு இறக்கினார்.

“இருக்கு. நான் நம்புறேன். ஆனா நான் நம்பி ஒண்ணும் ஆகப்போறதில்லம்மா. வெடிகுண்டு ஆளுங்க வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் அது பாம்தான். உங்க தம்பி எங்க?”

“அதைச் சொல்லத்தான் சார் ஓடி வந்தேன். அவன் வந்துக்கிட்டிருக்கான். கால்வாய்ப் பாதையில. டப்பாவ எடுக்க.”

அதுவரை நிதானமாக இருந்த முகம் மாறியது. “கால்வாய்ப் பக்கமா?” என்றவர் வயர்லெஸ்ஸை இழுத்தார். “அங்க புல்லுக்குள்ள துப்பாக்கியோட ஆள் படுத்திருக்கு. அவங்க விமான நிலையக் காவல், என் ஆளுங்க இல்ல. வெச்சவன் வெடிக்க வைக்க வருவான்னு காத்துக்கிட்டு இருக்காங்க.”

வயர்லெஸ்ஸில் அவர் கத்தினார். பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் விமானத்துக்கு இன்னும் கிட்டத்தில் கிடந்தார்கள். அவர்கள் காதில் என்ன விழும்? ஒலிபெருக்கியை எடுத்துக் கொடுத்தார் ஒருவர். அதில் போன வார்த்தைகள் பத்தடி தாண்டுவதற்குள் கரைந்துபோயின.

அப்போது புல் அசைந்தது. தம்பி வந்துகொண்டிருந்தான்.

சைக்கிளைக் கரையிலேயே போட்டுவிட்டான் போலிருக்கிறது. சட்டையெல்லாம் மரத்தூள். இடுப்பளவு புல்லில் நடந்து வந்தவன் வழியையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. முகம் முழுக்க விமானத்தின் பக்கமே திரும்பியிருந்தது. அன்டோனோவ் இவ்வளவு நேரம், இவ்வளவு கிட்டத்தில், நாலு எஞ்சினும் ஓட நின்றது அவன் ஆயுளில் இதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே வருகிறான், பாவி.

புல்லுக்குள்ளிருந்து இரண்டு பேர் முழங்காலில் எழுந்தார்கள். அவர்கள் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் ஒன்றுமில்லை. தம்பி நடந்துகொண்டே இருந்தான். ஒருவன் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான்.

“சார், எஞ்சின நிறுத்தச் சொல்லுங்க!”

“என்னம்மா?”

“பிளேனோட எஞ்சின! கத்தினா அவனுக்குக் கேக்காது சார். கேட்டாலும் நிக்கமாட்டான். சத்தம் நின்னா நிப்பான். சோத்துல கைய வெச்சிருந்தாலும், வெளிய ஒரு மோட்டார் நின்னா கைய எடுத்துட்டு எது நின்னுச்சுன்னு கேப்பான் சார். நான் வளத்தவ, எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லுங்க!”

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் மறைவில் குனிந்து, விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் போனை எடுத்து ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

“எல்லா எஞ்சினையும் அணைக்கச் சொல்லுங்க. இப்பவே... தெரியும், திரும்ப ஸ்டார்ட் பண்ண வண்டி வரணும், லேட்டாகும். ஆகட்டும்யா! ஒரு உசுரு போகப்போகுது இங்க!”

தம்பி புதரை அடைந்துவிட்டான். குனிந்தான். கை ரோமத்தை நோக்கிப் போயிற்று. துப்பாக்கி வைத்திருந்தவன் தலையைச் சாய்த்துக் குறிபார்த்தான். கயிற்றைத் தாண்டப் போன அக்காவை யாரோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்கள்.

இரைச்சலில் ஒரு இழை அறுந்தது. இந்தப் பக்கத்து ஓர விசிறி தளர்ந்து, அதன் இறக்கைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது.

இரண்டாவதும் தளர்ந்தது. அவன் டப்பாவைத் தொடாமலே நிமிர்ந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். வீட்டில் மிக்சி கோளாறு செய்தால் அப்படித்தான் நிற்பான். மூன்றாவது. அவன் மரம்போல அசையாமல் நின்றான். துப்பாக்கி வைத்திருந்தவனும் சுடவில்லை. ஓடாதவனை, எடுக்காதவனை, வெறுமனே நிற்பவனை என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை. நாலாவதும் ஓய்ந்தபோது விழுந்த மௌனத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடுவதுகூடக் கேட்டது.

“டேய் சின்னவனே! நகராதடா! கையத் தூக்கு! ரெண்டு கையையும் மேல தூக்குடா!”

அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. தம்பி கையைத் தூக்கினான். அதற்குப் பிறகுதான் திரும்பினான், துப்பாக்கிகளைப் பார்த்தான், அப்படியே புல்லில் உட்கார்ந்தான். தூக்கிய கைகளை மட்டும் இறக்கவில்லை.

வெடிகுண்டு நிபுணர்கள் வந்து டப்பாவைப் பிரித்து, மெஷினையும் பவர் பேங்க்கையும் வெளியே எடுத்து வைத்து, இதில் ஒன்றுமில்லை என்று சொல்லி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. காவலறையில் ஒரு பெஞ்சில் இருவரையும் உட்காரவைத்திருந்தார்கள். தம்பியின் முகத்தில் மண்ணும் மரத்தூளும் அப்பியிருந்தன. மில்லில், வீட்டில், வேலியோரம் கேமராவோடு வருகிறவர்களிடம் எல்லாம் விசாரித்தாகிவிட்டது. டப்பா இனித் திரும்ப வராது. வேலிப் பக்கம் இனிக் கால் வைப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லாமல் விடுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்கே அவர் மேலிடத்தில் நாலைந்து முறை பேச வேண்டியிருந்தது.

“அத்தனை பேர் கத்தினோமே, உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?” என்று கேட்டார்.

“இல்ல சார். ரெண்டாவது எஞ்சினும் நின்னப்ப, பிளேனுக்கு ஏதோ ரிப்பேர்னு நினைச்சேன்.”

“பிளேனுக்கா ரிப்பேர்?” என்றாள் அக்கா. கத்திய கத்தலில் குரல் போய்க் காற்றுதான் வந்தது. “உனக்குத்தாண்டா ரிப்பேர். மண்டையில.”

மீசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளையும் பேனாவையும் மேசையில் தள்ளினார். தம்பி பேனாவை எடுத்தான். அது நழுவி விழுந்தது. மறுபடியும் எடுத்தான்.

அந்த நேரத்தில் வெளியே உறுமல் எழுந்தது. வண்டி வந்து கரண்ட் கொடுத்து, அன்டோனோவின் முதல் எஞ்சினை எழுப்பியிருந்தார்கள். அடுத்தது. அதற்கடுத்தது. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் ஆடத் தொடங்கியது. தம்பியின் தோள்கள் ஒடுங்கின. ரம்பத்துக்கு அஞ்சாதவன், சின்ன வயதில் இடிக்கும் சிரித்தவன், இப்போது உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

“சார், அந்த ஜன்னலைச் சாத்திடுங்க” என்றான்.

அன்று பார்த்ததிலெல்லாம் அக்காவுக்கு இதுதான் பொறுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“திறந்தே இருக்கட்டும் சார்” என்றாள் அந்தக் காற்றுக் குரலில். “இதுக்காகத்தானே சாகப் பாத்தான். கேட்டுட்டுக் கையெழுத்துப் போடட்டும்.”

இன்ஸ்பெக்டர் நின்ற இடத்திலேயே நின்றார். நாலு எஞ்சினும் சேர்ந்தன. ஓடுபாதையில் இரைச்சல் நகர ஆரம்பித்து, அறைக்கு நேராக வந்தபோது மேசையில் பேனா உருண்டது. பறக்கப் பார்த்த தாளை அவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். முதலில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு, அவனையும் அறியாமல், அவன் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சத்தம் மேகத்துக்குள் போய்த் தேய்ந்து, கடைசி முனகலும் அடங்கியது. அதன் பிறகு அவன் பேனாவை எடுத்து, நழுவவிடாமல், கையெழுத்துப் போட்டான்.