புண்ணோரத்துச் செல்கள்

தூரிகையின் நுனி உப்புநீரில் மிதந்த மேல்தோலின் அடியில் நுழைந்தது. ஆய்வுக்காகக் காயப்படுத்திய எலியின் காதிலிருந்து உரித்த தோல். வெங்காயச் சருகைவிட மெல்லியது. இடது கை கண்ணாடி ஸ்லைடைச் சாய்த்துப் பிடிக்க, வலது கை சுருக்கம் விழாமல் அதை ஏற்றியது.

"இன்னிக்காவது உருப்படியா வருமா?" வாசலில் நின்று கேட்டார் ஜெபகுமார். அணுபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோகும் ஆராய்ச்சியாளர்.

"கையில வேல கீது சார். கத்தாதீங்க."

தெய்வநாயகி திரும்பவில்லை. மதுராந்தகத்துக்காரர். தொண்ணூற்று நான்கில் இங்கே கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்தவர், தோல் உரிப்பதையும் சாயமேற்றுவதையும் பார்த்துப் பார்த்தே பழகினார். பத்து வருஷமாகியும் தற்காலிக வேலைதான். ஜெபகுமாரின் ஆய்வு நின்றால் அதுவும் போகும். வெள்ளிக்கிழமைக்குள் எதையாவது காட்டாவிட்டால் மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

எலியின் மேல்தோலிலேயே குடியிருக்கும் காவல் செல்கள் உண்டு. கிளைகளை நீட்டிக்கொண்டு தோல் செல்களுக்கு நடுவே உட்கார்ந்து, அவை சாகாமல் பார்த்துக்கொள்ளும். காயம் பட்டால் பக்கத்துச் செல்களைப் பெருகவைத்துப் புண்ணை மூட உதவுவதும் அவைதான். அப்போது அவற்றின் உருவம் மாறுவதை ஜெபகுமார் பார்க்க வேண்டும். ஆனால் அவருக்கு வந்த ஸ்லைடுகளில் ஒவ்வொரு செல்லும் கிளை விரித்து அழகாக இருந்தது.

"காயமே படாத எலியைக் குடுத்து ஏமாத்தறீங்களா?"

"இன்னா சார் பேசறீங்க? பெருசாக் காட்டற மிசின்ல பாத்து, கெட்டதெல்லாம் கழிச்சிட்டு நல்லதா குடுத்தா, இதான் மரியாதையா?"

"எதைக் கழிச்சீங்க?"

"உருண்டு போனத. தோல லேட்டா மருந்துல போட்டா கிளையெல்லாம் சுருங்கிடும். அத்தக் குடுத்தா எனக்குக் கை சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க."

"எந்த இடத்துல உருண்டிருந்துச்சு?"

"புண்ணு ஓரத்துல."

ஜெபகுமார் மேசையில் ஓங்கித் தட்டினார். "மூணு மாசமா நான் தேடறதே அதைத்தாம்மா! குப்பையில போட்டிருக்கீங்க!"

"அத்த மொதல்லியே சொன்னா இன்னா? ஸ்லைடு ஸ்லைடுன்னு கத்திகினே கீறீங்க."

இருவரும் சொன்னது உண்மைதான். அதனாலேயே கோபம் ஏறியது.

"உங்க கை கெடுத்ததா, தானா உருண்டதான்னு நான் எப்படி நம்பறது? புண்ணு ஓரமும் நல்ல தோலும் ஒரே துண்டா வேணும். கை கெடுத்திருந்தா தள்ளியிருக்கறதும் உருண்டிருக்கும்; அதுல கிளை இருந்தாத்தான் ஏத்துப்பேன்."

"ஓரத்துல கிழியும்."

"கிழிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போலாம்."

வியாழக்கிழமை உரித்தபோது முதல் தோல் புண்ணருகே கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. மூன்றாவதை இழுக்காமல், நீர் தானாகப் பிரித்துவிடும்வரை காத்திருந்தார் தெய்வநாயகி. முழுதாக வந்தது. சாயமேற்றிப் பார்த்தார். புண்ணை ஒட்டி உருண்டைகள். கொஞ்சம் தள்ளி, விரிந்த கிளைகள். எப்போதும் கழிக்கும் கை ஒரு கணம் குப்பைத் தட்டின் பக்கம் போய்த் திரும்பியது.

பின்னால் வந்து நின்ற ஜெபகுமார் அவர் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"வெரல் படாம ஓரத்தப் புடிங்க" என்று சொல்லி, தெய்வநாயகி ஸ்லைடை அவர் கையில் வைத்தார்.