நீதவான் துரை தந்த சான்றிதழ்

துரை பதுளையை விட்டுப் போகுமுன் தம் கையால் எழுதித் தந்த சான்றிதழ் என் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. எடுப்பேன், பிரிப்பேன், கடைசி வரி வருமுன் மடித்துவிடுவேன்.

அவர் பதுளைக் கோர்ட்டில் நீதவான். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். இளவயதில் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர், எங்கள் மழையிலும் குளிரிலும் அந்த நாற்காலியிலேயே நரைத்தார். பிறகு கொழும்பில் பெரிய கோர்ட்டுக்கு உயர்ந்து, அங்கேயே செத்தும் போனார். தமிழ் மட்டும் அவருக்கு வரவேயில்லை. அதனால் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் பின் பேனாவைக் கீழே வைத்து, "அவ்வளவுதானா?" என்று என்னைக் கேட்பார். நான் தலையாட்டினால்தான் எழுதுவார்.

தேயிலைத் தோட்டத்து ஜனங்களோ என்னைத்தான் நீதவான் என்று நினைத்தார்கள். தமிழில் தீர்ப்புச் சொல்கிற வாய் என்னுடையதல்லவா! கும்பிடெல்லாம் எனக்குத்தான். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, மறைப்பானேன்.

சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அந்நாளில் சிறை. ஒருநாள் அப்படி வரிசையாக முப்பது வழக்கு. பசறைப் பக்கத்துப் பெண்ணொருத்தி கூண்டில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புத்தளையில் அக்காளிடம் விட்டிருந்த பிள்ளைக்குக் காய்ச்சலாம். கங்காணி லீவு தரவில்லையாம். நடந்து போகையில் வழியிலேயே பிடித்துவிட்டார்களாம்.

"ஒருநா வுடுங்க சாமி. புள்ள மொகத்தப் பாத்துட்டு நானே வந்து செயிலுக்குப் போறேன்."

எல்லாரும் சொல்கிற கதைதானே என்று நினைத்தேன். எனக்குப் பசி வேறு. "போனதை ஒப்புக்கொள்கிறாள்" என்றேன். துரை பேனாவை வைத்தார். "அவ்வளவுதானா?" தலையாட்டினேன். ஒரு மாதம் என்றார். நான் தமிழில் சொன்னேன். அப்படிக் கெஞ்சியவர்களைத் துரை விட்டதும் உண்டு. பாவி நான், அது தெரிந்தும் செய்தேன்.

சிறையிலிருந்து வந்தவள் கோர்ட்டு வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். இப்போது கும்பிடவில்லை.

"புள்ள போயிருச்சுங்க. நான் கேட்டத அந்தத் தொரைகிட்ட சொன்னீங்களா?"

நான் நீதவானில்லை என்று சிறையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சொன்னேனம்மா. அவர் கேட்கவில்லை" என்றேன்.

அவள் துரையின் அறைப் பக்கம் திரும்பி, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். எனக்கு விழ வேண்டிய மண் அது.

பல ஆண்டுகள் கழித்து, அந்த அறையில்தான் துரை சான்றிதழை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். "ஏழைகள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் விடாதவர்" என்பது கடைசி வரி. கையெழுத்துப் போடுமுன், பழக்கத்தில் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

தலையாட்டினேன்.