தொட்டுப் பார்த்த வண்டி

என் தந்தை மோட்டார் சைக்கிள் தேடத் தொடங்கும் வரை, எங்கள் ஊர்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் என் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. நான் வகுப்புத் தலைவன். சாக்பீஸ் பெட்டியின் சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. ஆசிரியர் வெளியே சென்றிருக்கும்போது பேசியவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவது என் பொறுப்பு. நான் எழுதிய பெயரைப் பற்றி அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஒருமுறை பெரியப்பா மகனின் பெயரையே எழுதினேன். அவன் அடி வாங்கிக்கொண்டு வீட்டில் முறையிட்டபோது, பெரியப்பாவே, "அவன் எழுதுனா சரியாத்தான் இருக்கும், போடா" என்று விரட்டிவிட்டார். பின்னாளில் கோவையில் நான் பட்டம் பெற்றதையும், முப்பதாண்டுக்கு மேற்பட்ட அரசுப் பணியில் ஒரு விளக்கக் கடிதம்கூட எழுத நேராமல் ஓய்வு பெற்றதையும் எங்கள் பக்கத்தார் அறிவர். தற்பெருமைக்காக இவற்றைக் கூறவில்லை. கீழே வரும் செய்தியை எத்தகையவன் சொல்கிறான் என்பது முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

அக்காலத்தில் என் தந்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி மேசையில் நின்றுகொண்டிருந்தார். நாள் முழுதும் ஆவியில் வெந்த கைகள். அங்கே தைத்த பனியன்களில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டி மடித்துக் கொடுக்கும் வேலை, சேவூர், அவிநாசிப் பக்கத்து வீடுகளில் இருந்த பெண்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூட்டைகளைக் கொண்டுபோய்ப் போட்டு, முடித்ததைத் திரும்ப எடுத்துவரும் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டதால், முதலாளி என் தந்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. இஸ்திரி மேசையிலிருந்து இறங்குவதற்கு அவருக்கு வாழ்நாளில் வந்த ஒரே வாய்ப்பு அது. ஆனால் முதலாளியின் நிபந்தனை கண்டிப்பானது. "சொந்த வண்டி வேணும். காலைல எட்டு மணிக்குக் கம்பெனி வாசல்ல நிக்கோணும். நாலு நாள் தவறிப்போச்சுன்னா வேற ஆளு பாத்துக்குவேன், அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

புது வண்டி எங்கள் நினைப்பிலேயே இல்லை. பழையது ஒன்று வாங்கலாம். அதுவும் தவறிப்போனால் இன்னொன்றுக்கு வழி கிடையாது. ஆகவே என் தந்தை சேவூரில் வண்டி பழுது பார்க்கும் ஒருவரிடம் போய் யோசனை கேட்டார். நானும் உடன் இருந்தேன். அந்த மனிதர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பெயிண்டப் பாக்காதீங்க, சீட்டப் பாக்காதீங்க. நீங்க போறப்ப இஞ்சினு சில்லுனு கெடக்கோணும். சில்லுனு கெடக்கற வண்டி ரெண்டு ஒதைல கெளம்புச்சுன்னா வாங்குங்க. போறப்பவே சூடா இருந்துச்சுன்னா, நீங்க வர்றீங்கன்னு முன்னாடியே ஓட்டி வச்சுட்டாங்கன்னு அர்த்தம். தண்ணி குடிச்சுப்போட்டு வந்துருங்க."

என் தந்தை இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முதல் ஞாயிறு பார்த்த வண்டி சூடாக இருந்தது, திரும்பினோம். இரண்டாம் ஞாயிறு பார்த்தது சில்லென்றுதான் இருந்தது. ஆனால் பதினைந்து உதைக்கும் அசையவில்லை. திரும்பினோம். மூன்றாவது வாரத் திங்கட்கிழமைக்கு மேல் காத்திருக்க இயலாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இங்கே என் நிலையையும் சொல்ல வேண்டும். முதல் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே, திங்கட்கிழமை நான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கப் போவதாக வகுப்பில் அறிவித்திருந்தேன். அந்தத் திங்களும் அடுத்த திங்களும் நடந்தே வந்தேன். மூன்றாவது வெள்ளியன்று, செக்குக்காரர் மகன் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, "லீடருங்க, உங்க வண்டி இன்னும் தவந்துக்கிட்டுதான் வருதுங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். சிரிப்பு அதற்கும் நிற்கவில்லை. அன்றைக்கு ஆசிரியரும் லேசாகச் சிரித்ததைக் கண்டேன்.

மூன்றாவது வண்டி, அவிநாசிக்கு அப்பால் ஒரு தோட்டத்து வீட்டில் இருந்தது. நூல் வாங்கி விற்கும் ஒருவருடையது. தந்தை சைக்கிள் மிதிக்க, நான் முன் கம்பியில் அமர்ந்து சென்றேன். வழியில் அவர் எனக்கு வேலை சொன்னார். பெரியவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர், பிறகு மழை மாரி, தோட்டம், சொந்தபந்தம் எல்லாம் பேசிக் காப்பி குடித்த பிறகே வந்த காரியத்தை எடுப்பார்கள். போனவுடன் வண்டியைத் தடவிப் பார்ப்பது அந்த வீட்டுக்காரரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். காப்பி குடித்து முடிப்பதற்குள் எந்தச் சூடும் ஆறிவிடும். "நீ சின்னப் பையன், வெளையாடறாப்ல போ கண்ணு. பொறங்கையில இஞ்சினத் தொட்டுப் பாத்துட்டு வந்து உக்காந்துக்க. மேல ஏறக் கூடாது. வேற எதையும் தொடக் கூடாது." என்னைத்தவிர வேறு யாரையும் இந்த வேலைக்கு அவர் நம்பியிருக்க மாட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வண்டி வாசலில் வேப்பமரத்து நிழலில் நின்றது. பச்சை நிறம். பெட்ரோல் டாங்கில் என் முகம் தெரிந்தது. தந்தையும் வீட்டுக்காரரும் உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்ததும் நான் அதனருகில் சென்றேன். புறங்கையை வைக்கவில்லை. முதலில் ஏறி உட்கார்ந்தேன்.

ஏறும்போதே வலக் கெண்டைக்காலின் உட்பக்கம் சைலன்சரில் ஒட்டிக்கொண்டது. கத்தவில்லை. எப்படிக் கத்தாமல் இருந்தேன் என்பது இன்றும் தெரியாது. இறங்கிப் பார்த்தபோது கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. மாட்டுத் தண்ணீர்த்தொட்டியின் ஓரத்துச் சேற்றை அள்ளி அதன்மேல் அப்பிக்கொண்டு, உள்ளே போய்த் தந்தையின் நாற்காலிக்கருகே காலை ஒடுக்கி அமர்ந்தேன். அவர் கண்ணாலேயே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கார அம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்தார். "வாங்கண்ணா. வெய்யில்ல வந்துட்டீங்க. இவரும் இப்பத்தானுங்க..." என்று தொடங்கியவரை, கணவர், "காப்பி போடு புள்ள" என்று உள்ளே அனுப்பினார். பேச்சு கடலைக்காட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து நூல் விலைக்கு வந்தது. எனக்குக் காலில் உயிர் துடித்துக்கொண்டிருந்தது. காப்பி வந்தது, குடித்தோம். இன்னொரு தம்ளரும் வந்தது. பின்பு வீட்டுக்காரர், ஏதோ நினைவுக்கு வந்தவர்போல, என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, பையன வேவு பாக்க அனுப்பிச்சிருந்தீங்களாட்டத் தெரியுது?"

என் தந்தையின் முகம் கறுத்துவிட்டது. மறைக்கத் தெரியாதவர். "தப்பா நெனச்சுக்காதீங்க. ஆமாங்க, தொட்டுப் பாக்கச் சொன்னனுங்க. இத நம்பித்தானுங்க எம்பொழப்பே இருக்குது."

"அதுல என்னுங்க தப்பு? பையனே சொல்லட்டும். வா சாமி, சொல்லு. வண்டி சூடா இருந்துச்சா, சில்லுனு இருந்துச்சா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் காலித் தம்ளர்களை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். சூடு என்று சொன்னால் சைக்கிளில் திரும்ப வேண்டும். நாளை நடந்து பள்ளிக்குப் போக வேண்டும். செக்குக்காரர் மகன் எழுந்து நிற்பான்.

"சில்லுனுதானுங்க இருந்துச்சு."

வீட்டுக்காரர் என்னை வியப்போடு பார்த்தார், பிறகு சிரித்தார். "நெம்பக் கெட்டிக்காரனுங்க உங்க பையன்" என்றார். அந்த அம்மாள் தம்ளர்களை எடுக்காமலேயே உள்ளே போய்விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். என் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வீட்டுக்கே கேட்கும்படி, "எம்பையன் பொய் பேச மாட்டானுங்க. பள்ளிக்கூடத்துலயே இவஞ் சொன்னாச் சொன்னதுதான்" என்றார்.

வண்டி முதல் உதையில் கிளம்பியது. தந்தை அதை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை. கடைசியாக, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கக் குந்தி உட்கார்ந்தார். நான் வண்டிக்கு மறுபுறம் நின்றிருந்தேன். சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது, கொப்புளம் எழும்பியிருந்தது. எண்ணெய் பார்ப்பதற்கு வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் அவர் எழவில்லை.

எழுந்தபோது மெல்லக் கேட்டார். "நல்லாத் தொட்டுப் பாத்தியா கண்ணு?"

"பாத்தனுங்கப்பா."

"சில்லுனுதான இருந்துச்சு?"

வீட்டுக்காரர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். நான், "ஆமாங்கப்பா" என்றேன்.

தந்தை தலையசைத்தார். இடுப்பு மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்பு என்னைத் தூக்கி, பெண்பிள்ளைகள் உட்காருவதுபோல இரண்டு கால்களையும் இடப்பக்கமாகப் போட்டு உட்காரவைத்தார். சைலன்சர் வலப்பக்கம் இருந்தது. "ரெண்டு காலும் இந்தப் பக்கமே இருக்கட்டும்" என்றார். அவிநாசித் தேர்வீதி வழியாக, நல்ல பகலில், வகுப்புத் தலைவனாகிய நான் அப்படிப் போக வேண்டியிருந்தது. எனக்குப் பெருங்கோபம்.

வீட்டில் அம்மா காலைப் பார்த்துவிட்டுப் பதறினார். நான் வாய் திறக்கும் முன்பே தந்தை, "வர்ற வழியில சைலன்சர்ல பட்டுருச்சு. என் தப்புத்தான்" என்றார். அவர் அப்படித் தவறாகப் புரிந்துகொண்டது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. பிழைத்தோம் என்று எண்ணிக்கொண்டு இட்டிலி தின்றேன்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. முப்பது உதைக்கு மேல் எண்ணவில்லை. வியர்வை சொட்டச் சொட்டத் தள்ளிக்கொண்டு போய், கோயில் இறக்கத்தில் உருட்டிவிட்டுக் கிளப்பினார். என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டபோது வகுப்பு முழுவதும் வெளியே வந்து பார்த்தது. செக்குக்காரர் மகன் ஹார்னை அடித்துப் பார்க்க அனுமதி கேட்டான். கொடுத்தேன். அன்றைக்குக் கம்பெனி வாசலில் தந்தை நின்றபோது மணி ஒன்பதே காலாம். ஒருமுறை சூடாகிவிட்டால் நாள் முழுதும் ஓடும். விடிந்தால் மீண்டும் அதே கதை. வண்டியைப் பிரித்துப் பார்த்த சேவூர்க்காரர், இஞ்சின் உள்ளே தேய்ந்துபோய்விட்டது என்றும், அதைச் சரிசெய்யும் செலவுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம் என்றும் சொல்லிவிட்டார். முதலாளி ஒருமாதம் பொறுத்துப் பார்த்தார். தீபாவளிக்கு முன்பே மூட்டைகள் வேறு ஆளுக்குப் போயின. என் தந்தை இஸ்திரி மேசைக்குத் திரும்பினார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த மேசையிலிருந்துதான்.

என் தாய்மாமா நகைச்சுவையாகப் பேசுபவர். கல்யாண மண்டபம் எதுவானாலும், பந்தி முடிந்து நாலு பேர் சேர்ந்துவிட்டால் இந்தக் கதையை எடுத்துவிடுவார். "எங்க மச்சான் நெம்ப நல்லவருங்க, ஆனா வண்டி பாக்கத் தெரியாது. காப்பிய ஊத்தி ஏமாத்திப்போட்டான் அந்த நூல் யாவாரி. நானு கூடப் போயிருந்தா நடந்திருக்குமுங்களா?" எல்லோரும் சிரிப்பார்கள். என் தந்தையும் அந்த நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சேர்ந்து சிரிப்பார். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

இரண்டு கால்களும் இடப்பக்கம் இருந்த பையனுக்கு வலப்பக்கத்துச் சைலன்சர் எப்படிச் சுட்டிருக்கும் என்பது எனக்கே வெகுகாலம் தோன்றவில்லை. தோன்றியபோது எனக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை இருந்தது. அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரே கேள்வியை அவர் அன்று ஏன் இரண்டாம் முறை கேட்டார், எந்த விடைக்காகக் காத்து நின்றார் என்பவை எல்லாம் பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. வண்டியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அவர் இப்போது இல்லை. மாமா இருக்கிறார். சென்ற மாதமும் ஒரு மண்டபத்தில் என் மருமகன் வீட்டாரிடம் அதே கதையைச் சொன்னார். அவர் சொல்வது தவறு. என் தந்தையை அந்த நூல் வியாபாரி ஏமாற்றவில்லை. வண்டி சூடாக இருந்தது என்று என் காலைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் தந்தை பணம் கொடுத்தார். சில்லென்று இருந்ததாகச் சொன்னவன் நான். அவருக்கு வண்டி பார்க்கத் தெரியும்.