மஞ்சள் தடவின டிஸ்க் நம்பர்

ஒரகடத்துல, கார் பாகங்கள் செய்யற எங்க கம்பெனியில ஒரு மெயின்ஃபிரேம் இருக்கு. "இதை இன்னும் மியூசியத்துக்குக் குடுக்கலையா?"ன்னு கேக்காத ஆடிட்டர் கிடையாது. மிஷின் விலையைக் கேட்டா மயக்கம் வரும். உள்ள ஓடுற லினக்ஸ் மட்டும் ஓசி, ஊர் உலகத்துக்கே சும்மா கிடைக்கிற சாமான். குன்றத்தூர்லேர்ந்து தினம் பஸ்ல தொங்கிக்கினு வந்து அதைக் கட்டிக்கிட்டு அழறது நான்.

அன்னிக்குப் புதுசா ஒரு டிஸ்க் சேர்க்கணும். சாதாரண வேலைதான். ஆனா அதை நம்பி ஒருத்தி வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தா. பேக்கிங் லைன்ல ஸ்டிக்கர் ஒட்டுற பொண்ணு, வடக்குப்பட்டுக்காரி. ‘பி’ன்னு முடியற பார்ட்டுக்கு ‘எட்டு’ன்னு முடியற ஸ்டிக்கரை ஒட்டிட்டாளாம். சரக்கு திரும்பி வந்துடுச்சு, அவளை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. மூணு மணிக்கு விசாரணை. அவ ஸ்கேன் பண்ணின பதிவு ஒரு பழைய டிஸ்க்ல சுருட்டி மூட்டை கட்டிக் கிடந்தது. பிரிச்சுப் பாக்க காலி இடம் இல்ல. அதுக்கு நகலும் இல்ல. நகல் எடுக்க டிஸ்க் கேட்டு நான் போட்ட மெயிலை எங்க மேனேஜர் இன்னும் பரிசீலிச்சுக்கினுதான் இருக்கார்.

புது டிஸ்கோட நம்பர் பன்னெண்டு மணிக்கே வந்துடுச்சு. ஆனா அன்னிக்கு புதன்கிழமை, ஒன்றரை வரைக்கும் ராகு காலம். லினக்ஸுக்கு ராகு காலம் தெரியாது, மேனேஜருக்கு லினக்ஸ் தெரியாது. ஒருத்தி வேலை போற நேரத்துல நாங்க கடிகாரத்தைப் பாத்துக்கினு உக்காந்திருந்தோம்.

ஒன்றரைக்கு அடுத்த சிக்கல். எந்தப் புது சாமானுக்கும் பூஜை போட்டுப் பொட்டு வெச்சாதான் மேனேஜர் தொட விடுவார்; ஆனா பொட்டு வைக்க டிஸ்குக்கு உடம்பு வேணுமே. இந்த டிஸ்க், பெரிய பெட்டிக்குள்ள ஒதுக்கின ஒரு பங்கு, அவ்ளோதான். விடுவாரா மனுஷன்? நம்பர் அச்சடிச்ச பேப்பருக்கு, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுற மாதிரி, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி என் கையில குடுத்தார். எழுத்தும் கலந்து வர்ற நம்பர் அது; இருந்தது வலது பக்கம், கீழ் மூலையில. குடுத்துட்டு சுண்டல் விநியோகத்துக்குப் போயிட்டார்.

பழைய டிஸ்க், புது டிஸ்க் ரெண்டையும் மிஷினுக்குத் தெரியற மாதிரி ஆன்லைன் கொண்டு வந்தேன். பேப்பரைப் பாத்து நம்பரை அடிச்சு ஃபார்மட் கொடுத்தேன். "இதுல இருக்கிறது எல்லாமே அழிஞ்சுடும், சம்மதமா?"ன்னு கேட்டுது. ‘yes’னு மூணு எழுத்தும் முழுசா அடிச்சாதான் நம்பும். அடிச்சேன். என்டர் தட்டுறதுக்கு முன்னால ஒருத்தர் நம்பரைப் படிக்க, இன்னொருத்தர் ஸ்கிரீன்ல சரி பாக்கிறது எங்க வழக்கம். பக்கத்துல ஆள் இல்லாததால பெஞ்சுல இருந்தவளைக் கூப்பிட்டு பேப்பரைக் குடுத்தேன்.

"பூஜ்யம், ரெண்டு, பூஜ்யம், பி."

எட்டும்மான்னு கொஞ்சம் எரிச்சலாவே சொன்னேன். அவ பேப்பரை லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சா.

"பி-தாண்ணா. எட்டுக்கு முதுகு வளைஞ்சு இருக்கும். இதுக்கு நேரா கீது பாரு."

ஸ்கிரீனைப் பாத்தேன். நான் அடிச்சிருந்தது எட்டு. எட்டுன்னு முடியறது அந்தப் பழைய டிஸ்க். அவளுக்குன்னு இந்த உலகத்துல இருந்த ஒரே சாட்சி. என் விரல் என்டர் மேலயே இருந்தது. மெதுவா விரலை எடுத்து, அடிச்சதை எல்லாம் ரத்து பண்ணினேன். இன்னாண்ணா ஆச்சுன்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னு சொன்னேன். பதினஞ்சு வருஷ அனுபவம் இருக்கிறவன் வேற இன்னா சொல்லுவான்?

அப்புறம் பி-யை ஃபார்மட் பண்ணி, மூட்டையைப் பிரிச்சேன். மூணுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறப்ப பதிவு கிடைச்சுது. பார்ட்டும் பி, அவ ஒட்டின ஸ்டிக்கரும் பி. தப்பு நடந்தது அவ கையை விட்டுப் போனப்புறம்.

விசாரணை அறையில அந்தப் பதிவை அச்சடிச்ச காகிதத்தை நீட்டினேன். அதிகாரி அதைத் தொடக்கூட இல்ல. அவளைப் பாத்து, "ஏம்மா, எட்டுக்கும் பி-க்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"ன்னு ஆரம்பிச்சார். அவ தலையைக் குனிஞ்சுக்கினா. மேனேஜர் சுண்டலை மென்னுக்கினு இருந்தார். எனக்கு அதுக்கு மேல வாயை மூடிக்கினு இருக்க முடியலை.

"அது தெரியாத ஆளு இந்த ரூம்ல ஒருத்தன் இருக்கான் சார்,"னு மஞ்சள் பேப்பரை அவர் முன்னால வெச்சேன். "அது நான்."