சட்டம் அண்ணனும் மிதிபடாத பனியும்

நம்ம சட்டம் அண்ணனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பார், குடும்பப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பார். குளிர்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமராப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, நகரத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மலைக்குப் போவார். அங்கே மனுஷர்களுக்குச் சட்டம் போடுவார். பேட்டரியை அக்குளில் வைத்துக்கொள், குளிரில் செத்துவிடும். லென்ஸ் மேல் மூச்சு விடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, புதுப் பனியில் கால் வைக்காதே. முன்னால் அவர் நடப்பார். மற்றவர்கள் அவர் கால் பதிந்த குழியிலேயே கால் வைத்து வரிசையாக வரவேண்டும். யாராவது கொஞ்சம் தள்ளி வைத்தார்களோ, தொலைந்தார்கள்! "ஏய்! இந்தா! கண்ணு எங்க இருக்கு?" என்று ஒரு கத்து. மருந்துக்கடைக்காரர் ஊரில் எவ்வளவு பெரிய ஆள்! அவரே இங்கே வாயை மூடிக்கொண்டு குழி பார்த்துத்தான் நடப்பார்.

அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். வாடிக்கையாளர் முகத்துப் பருவை அழிப்பார், கலைந்த தலைமுடியைப் படிய வைப்பார். மலைப்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு என்னவோ, விடிவதற்கு முன்னாலேயே கோட்டு மாட்டிக்கொண்டு வேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானும் வரேன்."

"எதுக்கு?"

"சும்மாதாங்க."

அண்ணனுக்கு அப்போதே தலை சுற்றியது. சும்மா யாராவது குளிரில் வந்து நடுங்குவார்களா? கோபமா? பிறந்தநாள், கல்யாணநாள் எதையாவது மறந்து தொலைத்துவிட்டோமா? வழியெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தார். அண்ணி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

மேலே அகலமான மொட்டைப்பாறை ஒன்று உண்டு. காற்று பனியைத் தங்கவிடாது. எல்லாரும் அங்கேதான் கேமரா முக்காலியை விரிப்பார்கள். எதிர்ச்சரிவில் ஒரு சுவடுகூட இல்லாத பனி. அண்ணன் கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்தார் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மூட்டம் இறங்கியது. இனிமேல் படம் தேறாது என்று தோன்றவே, "கிளம்பலாம்" என்று அண்ணன் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல, எல்லாரும் வந்த குழியிலேயே இறங்கினார்கள். வேனுக்கு வந்தபிறகுதான் டிரைவர் கேட்டார்.

"அண்ணே, அண்ணி எங்க?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கடைசியாக மருந்துக்கடைக்காரர்தான் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூட்டம்.

"உங்களுக்குப் பின்னால வரலையா?"

"உங்களோட முன்னால போயிட்டாங்கன்னு நினைச்சேன் அண்ணே."

டிரைவரையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினார்கள். அண்ணி வழியில் எங்காவது பிரிந்திருந்தால் சுவடு இருக்கவேண்டுமே? இருபுறமும் பனி விரித்த துணியாகக் கிடந்தது. குழிகளைப் பார்த்தாலோ, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், ஒன்றும் விளங்கவில்லை. அவர் போட்ட சட்டம் அப்படி! ஒரு ஆள் நடந்த மாதிரிதான் இருந்தது. அண்ணனுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அண்ணி வந்தாரா, வரவே இல்லையா?

பாறையின் ஒரு பக்கம் பள்ளம். எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்காமலே நின்றார்கள்.

டிரைவர் போனில் மீட்புப் படையைப் பிடித்துவிட்டார். "அண்ணே, அண்ணி என்ன கலர் கோட்டுன்னு கேக்குறாங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். நீலமா? அது போன வருஷத்துக் கோட்டு இல்லையோ? ஒரு முகத்தைப் பார்த்ததும் காது தெரிகிறதா, சட்டைக் காலர் நேராக இருக்கிறதா என்று சொல்கிற மனுஷன். மனைவி கோட்டின் நிறம் ஞாபகம் வரவில்லை.

"படத்தப் பாருங்க, எதுலயாவது விழுந்திருப்பாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லாரும் கேமராவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பனி, மரம், பனி, மேகம். மனுஷ வாடையே இல்லை.

அண்ணன் கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். சரிவில், மிதிபடாத பனியில், முழங்கால் புதைய ஓடினார். "இந்தா! ஏய், இந்தா!" என்று நாலாபக்கமும் கத்தினார். பதில் இல்லை. விழுந்தார், எழுந்தார். ஞாயிறுதோறும் யாரையும் தொடவிடாத பனியைக் கண்டபடி உழுதுபோட்டார். அவருக்கு அழுகையாக வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அண்ணே, பேரு கேக்குறாங்க! அண்ணி பேரு!" என்று பாறையிலிருந்து டிரைவர் கத்தினார்.

அண்ணன் பெயரைச் சொன்னார். கல்யாணமானதிலிருந்து 'இந்தா' என்றே கூப்பிட்டுப் பழகியவர். அந்தப் பெயர் வேறு யாருடையதோ மாதிரி வாயில் வந்தது. டிரைவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும், அடிவயிற்றிலிருந்து, பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"என்னங்க?"

ரொம்பப் பக்கத்தில்! மொட்டைப்பாறையின் ஓரத்தில், மூட்டத்துக்குள் ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு கல்லுக்குப் பின்னாலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். கோட்டு சிவப்பு. ரத்தச் சிவப்பு.

"உயிரோட இருக்கியா? வாய்ல என்ன வச்சிருந்த? எவ்வளவு நேரமா கத்துறேன்!"

"நீங்க கத்துனது கேட்டுச்சுங்க. 'ஏய், இந்தா'ன்னு யாரையோ திட்டுறீங்கன்னு நினைச்சேன். மூட்டம் விலகட்டும்னு எல்லாரும் காத்திருக்கீங்க, நாம எதுக்கு நடுவுல போகணும்னு சும்மா நின்னேன்." உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்தது.

"அந்தக் கல்லுக்குப் பின்னால போய் ஏன் நிக்கணும்? எல்லாரோடயும் நிக்கிறதுக்கு என்ன?"

அண்ணி அவரைப் புரியாமல் பார்த்தார். இதுகூடவா தெரியாது என்கிற பார்வை.

"எங்க நின்னாலும் யாரோ ஒருத்தர் படத்துல விழறேனே! போன வாரம் உங்க படத்துல யாரோ ஒருத்தர் தொப்பி வந்துட்டுதுன்னு அரைநாள் உக்காந்து அழிச்சேன். சிவப்புக் கோட்டுங்க இது. நாளைக்குக் கடையில உக்காந்து என்னை நானேதானே அழிக்கணும்?"

குத்திக்காட்டவில்லை. அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை. வேலைக் கஷ்டத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அண்ணி கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தார். டிரைவர் போனில் ஆள் கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.  அண்ணன் தன் கையுறையைக் கழற்றி அண்ணி கையில் மாட்டிவிட ஆரம்பித்தார். ஒரு விரலின் உறையில் இன்னொரு விரல் நுழைந்தது.